வண்டியில் விடிந்த காலை

ஆலப்புழை
ஜூலை 3

அன்புத் தங்கை ஷம்சாத்துக்கு ராத்தா நுஸைபாவின் ஸலாம். வாப்பாவும் நீயும் சுகந்தானா? வாப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? ஷார்ஜாவிலிருந்து உன் மகன் அஸார் பேசினானா? இங்கே நானும் உன் மச்சானும் ஏதோ இருக்கிறோம்.

புறப்பட்ட அன்று வாப்பா சொன்னபடியே எழுதுகிறேன். கண் போனதிலிருந்து அவருக்குப் போன் ஆகவில்லை. "கெணத்துக்குள்ளேருந்து யாரோ பேசுற மாதிரி இருக்கு. போற ஊர்லேருந்து காயிதம் போடு. ஷம்சாது படிச்சுக் காட்டட்டும். காயிதம்னா திரும்பவும் படிக்கச் சொல்லலாம்" என்றாரே.

வண்டியைப் பற்றிக் கேட்பார். உன் மச்சான் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊர் வந்த நாள் முதல் இதே நினைப்புதான். வாலிபத்தைத் தனித்தனியாகக் கழித்தோம், மிச்சத்தையாவது சேர்ந்து ஊர் பார்த்துக் கழிப்போம் என்று பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூரில் கொடுத்து உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இருந்து பார்த்தால் தெரியும். திருப்பத்தில் திரும்பினால் பாத்திரமெல்லாம் உருளுகிறது. கால் வாளித் தண்ணீரில் குளியல். மழையில் துணி காயாமல் வண்டி முழுக்க ஈர வாடை. கொசு வேறு. கழிப்பறை என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தினமும் எங்கேயாவது கொண்டுபோய்க் கழுவ வேண்டும். பெட்ரோல் பங்க்கில் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீ வீட்டில் கால் நீட்டிப் படுக்கிறாய், அதுவே பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொள்.

அடுத்து கண்ணூரில், தம்மாமில் மச்சானோடு வேலை பார்த்தவர் வீட்டு வளவில் வண்டி நிற்கும். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. வாப்பாவை துஆ செய்யச் சொல்.

நுஸைபா

*

அதிராம்பட்டினம்
ஜூலை 11

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு ஷம்சாத்தின் பதில் ஸலாம். வாப்பா நலம். நானும் நலம். மச்சானுக்கும் எங்கள் ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே வாப்பாவுக்குப் படித்தேன். இரண்டாம் முறை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு. ஆனால் கொசுவையும் வாடையையும் படிக்கவில்லை. கேட்டால் அவர் முகம் சுண்டிப் போகும். மெத்தை மெத்து மெத்தென்று இருக்கிறதாம், கதவைத் திறந்தால் காற்று அள்ளிக்கொண்டு வருகிறதாம் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பொய்யை அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும். "நுஸைபா குடுத்து வச்சது" என்றார். பிறகு, "வண்டி திரும்பிக்கிட்டே இருக்குமே, தொழுறதுக்குக் கிப்லா எப்படித் தெரியும்? கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன்.

கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டையைத் தாண்டிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். நம் பக்கம் எப்போது வரும் என்று தெரியவில்லை. மேலத்தெரு பாத்திமா இப்போதெல்லாம் காலையில் வந்து, வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஒத்தாசை செய்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷம்சாத்

*

உடுப்பி
ஜூலை 26

ஷம்சாத், உனக்கும் வாப்பாவுக்கும் ஆண்டவன் குறைவில்லாத சுகம் தரட்டும். கண்ணூரை விட்டுக் கிளம்பும் முன்பே உன் கடிதம் கிடைத்துவிட்டது.

வாப்பாவிடம் சொல்: போனே திசை காட்டுகிறது. உன் மச்சான் சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே அதன் மூக்கைக் கிப்லா பக்கம் வைத்துத்தான் நிறுத்துகிறார். உள்ளே நடக்கிற இடம் தொழுகைப் பாய் அகலம்தான். ஒருவர் தொழுதால் மற்றவர் படுக்கைமேல் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் ஷமா பெங்களூரிலிருந்து நீண்ட லீவில் வந்து சேர்ந்திருக்கிறாள். வண்டியை அவளே ஓட்டுகிறாள். அவள் அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே பேய் மழை. மேல் ஜன்னல் ஒழுகி மெத்தையின் ஒரு பக்கம் நனைந்துபோனது. அடுப்பு பற்றவில்லை. ஒரு வேளை பிஸ்கட்டும் பழமும்தான். இதற்கடுத்த வரியை வாப்பாவுக்குப் படிக்காதே. உன் மச்சான் தம்மாம் கேம்பில் கட்டில் மேல் கட்டிலில் தூங்கிப் பழகியவர், எங்கே சாய்ந்தாலும் குறட்டைதான். பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருக்கத் தூங்குவது எப்படி என்று நான் இந்த வயதில் பழக வேண்டியிருக்கிறது.

காலையில் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டீயோடு உட்கார்ந்தால்... சரி, அதெல்லாம் ஒன்றுமில்லை. மழைதான்.

பாத்திமா ஒத்தாசைக்கு வரும்படி உனக்கு என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லையே. கோகர்ணம் விலாசத்துக்குப் பதில் போடு.

நுஸைபா

*

அதிராம்பட்டினம்
ஆகஸ்ட் 12

ராத்தாவுக்கு ஸலாம். வாப்பா இருக்கிறார். பதில் எழுத நாளாகிவிட்டது. இதையும் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷமா ஏதோ வீடியோ போட்டிருக்கிறாள் போல. அஸார் அதை எனக்கு அனுப்பியிருந்தான். வண்டிக் கதவு திறந்திருக்கிறது. வெளியே கடல். நீங்கள் வாசற்படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கையில் டீயோடு, மச்சான் ஏதோ சொல்லச் சிரிக்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வாப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சத்தம்?"

"கடல் வாப்பா. ராத்தா இருக்கிற ஊர்க் கடல்."

"சிரிக்கிறது யாரு?"

"ராத்தாதான்."

"திரும்பப் போடு" என்றார். அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். எனக்கு ஏன் கொசுவை மட்டும் எழுதினீர்கள்? நான் வயிறெரிவேன் என்று நினைத்தீர்களா? எரிந்ததுதான். ஆனால் வீடியோவைப் பார்த்து இல்லை. "நீ வீட்டில் கால் நீட்டிப் படுக்கிறாய், அதுவே பாக்கியம்" என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது.

மச்சானுக்கும் ஷமாவுக்கும் ஸலாம்.

ஷம்சாத்

*

கோகர்ணம்
ஆகஸ்ட் 19

ஷம்சாத், நலம் விசாரிக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாத்திமாவுக்குப் போன் போட்டேன். வாப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது உன் முதுகு பிடித்துக்கொண்டதாமே. ஜூன் மாதமே அப்படியாம். நாங்கள் புறப்படும்போது நீ வாசலில் நின்று கையசைத்தாயே, அப்போதே உனக்கு வலி இருந்திருக்கிறது.

உண்மையை எழுதுகிறேன். இந்த வண்டியில் நான் சுகமாக இருக்கிறேன். கூரையில் மழை விழும் சத்தத்தில் தூங்கிய தூக்கம் போல என் ஆயுளில் தூங்கியதில்லை. அடுப்பு சின்னது என்பதால் ஒரு குழம்போடு சமையல் முடிந்துவிடுகிறது. யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. உன் மச்சானும் நானும் இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் பேசுகிறோம். பெட்டி கழுவுவதும் ஒழுகுவதும் பொய் இல்லை, ஆனால் அதையும் சிரித்துக்கொண்டேதான் செய்கிறோம்.

அப்படிச் சிரிக்கும்போதே, இந்த நேரத்துக்கு ஷம்சாத் வாப்பாவின் துணியை அலசிக்கொண்டிருப்பாள் என்று ஞாபகம் வரும். கையிலிருக்கிற டீ கசந்துபோகும். உனக்கு எழுத உட்கார்ந்தால் கொசுவைத் தவிர எதுவும் எழுத வரவில்லை. நானும் கஷ்டப்படுவதாகச் சொன்னால் உன்னைப் பார்க்க எனக்கு முகம் இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். நானும் மச்சானும் வந்து வாப்பாவோடு இருக்கிறோம். நீ ஷமாவோடு வண்டியில் போ. எங்கே வேண்டுமானாலும் போ. மறுக்காதே.

நுஸைபா

*

அதிராம்பட்டினம்
ஆகஸ்ட் 30

அன்பு ராத்தாவுக்கு, எல்லாரும் நல்லபடியாகத் தஞ்சாவூரில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக ஷமா சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

என்னால் வர முடியாது என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியதை வாப்பாவிடம் சொன்னேன். "போயேண்டி. நுஸைபா இருக்குதுல்ல. போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு. இந்தத் தடவை நீ சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை" என்றார். நான் சேர்த்துப் படித்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கேரளா, கோவா எல்லாம் எனக்கு வேண்டாம். காவிரி கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு வருவது கடைமடைத் தண்ணீர், வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அந்த ஆறு கடைசியில் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பூம்புகார் என்ன தூரம், ஆனாலும் போனதில்லை.

வாப்பாவுக்குக் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதுகுப் புண்ணுக்கு மருந்து போடும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுங்கள். பேசாமல் போட்டால் அவருக்கு வலிக்கிறது. ஊசியைப் பாத்திமா வந்து போடுவாள்.

நேரில் மற்றதைச் சொல்கிறேன்.

ஷம்சாத்

*

மயிலாடுதுறை
செப்டம்பர் 16

பாசமுள்ள வாப்பாவுக்கும் ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஷம்சாத் ஸலாம் சொல்லி எழுதுவது. வாப்பா, மருந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ராத்தா, இதை மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். எதையும் விட வேண்டாம்.

கல்லணையில் தண்ணீர் மதகு மதகாக இறங்குகிறது. பக்கத்தில் நின்றால் பேசுவது கேட்கவில்லை. திருவையாற்றில் கரையோரம் வண்டியை நிறுத்தி நானும் ஷமாவும் அங்கேயே சோறு வடித்தோம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சோறு வடிப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. குறுவை அறுத்து நெல்லையெல்லாம் ரோட்டில் காயப் போட்டிருக்கிறார்கள். ஷமா ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுகிறாள்.

வலங்கைமான் பக்கத்தில் தியாகராசன் என்று ஒரு விவசாயி தன் களத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அவர் சம்சாரம் பூவம்மாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, வண்டிக்குள் ஏறிப் பார்த்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள். "ஏம்மா, இதுக்குள்ளயே ஆக்கி இதுக்குள்ளயே படுத்துக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு, "எங்க வீடு பெருசுதான். ஆனா அதுல எனக்குன்னு இவ்வளவு எடம் இல்லையே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் கொஞ்ச நேரம் மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பெட்டி கழுவுவதை ராத்தா பெரிய கஷ்டமாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒன்றுமே இல்லை. ஷமாதான் மூக்கைப் பொத்துகிறாள். முதுகுக்கு இந்த மெத்தை நல்லது. மேடு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

இதைத் தபாலில் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். பொழுது சாயப் பூம்புகார் போய்விடுவோம். காலையில் கடலைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். வாப்பா, வந்து சொல்கிறேன்.

உங்கள் ஷம்சாத்

*

தஞ்சாவூர்
அக்டோபர் 20

ஷம்சாத்துக்கு ராத்தாவின் ஸலாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ பதில் சொல்வாயா தெரியவில்லை. முதுகு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? பாத்திமா இன்னும் வந்து போகிறாளா?

வாப்பா மவுத்தாகி ஒரு மாதம் ஓடிவிட்டது. விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு உறக்கத்திலேயே போய்விட்டார் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பூம்புகாரிலிருந்து நீ வந்து இறங்கியபோது உன்னிடமும் அதையே சொன்னேன். குளிப்பாட்டிக் கபன் துணி இட்டிருந்தார்கள். உனக்காகத்தான் அசர் வரைக்கும் ஜனாஸாவை எடுக்காமல் வைத்திருந்தார்கள். நீ முகத்தைப் பார்த்தாய். அழவில்லை. அதற்குப் பிறகு நான் உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் என் முகத்தைப் பார்த்து நீ பேசவே இல்லை.

எனக்குத் தெரிகிறது. வருஷக்கணக்கில் அவர் பக்கத்தை விட்டு நீ அசையவில்லை. நான் வந்து உட்கார்ந்தது ஒரு வாரம்கூட இல்லை. அந்த வாரத்தில்தான் அவர் போக வேண்டியிருந்தது. உன்னைப் போகச் சொன்னவள் நான். என் மனசு உறுத்தியது, அந்த உறுத்தலைத் தீர்த்துக்கொள்ள உன்னை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். உனக்காக அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டேன்.

மயிலாடுதுறையில் நீ போட்ட கடிதம் மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தபோது தபாலில் வந்தது. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். உன்னிடம் காட்டத் தைரியம் வரவில்லை. இங்கே வந்த பிறகுதான் படித்தேன்.

வண்டி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. மச்சான் சாவியைத் தொடுவதில்லை. இரண்டு வரி எழுது.

நுஸைபா

*

தஞ்சாவூர்
நவம்பர் 24

ஷம்சாத், நீ நலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பதில் இல்லை. அஸார்தான் நீ இருக்கிறாய், சாப்பிடுகிறாய் என்று சொல்கிறான். இங்கே அடைமழை. அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். நீ என்னை மன்னிப்பதானால் தெரிந்து மன்னிக்க வேண்டும்.

வாப்பா உறக்கத்தில் போகவில்லை. நான் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு மாறியிருந்தது. மச்சான் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். உன் போனை நீ வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாய், நான் ஷமாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

"ஷம்சாது" என்றார்.

"வந்துக்கிட்டே இருக்கு வாப்பா" என்றேன்.

அது அவருக்கு ஏறவில்லை. "ஷம்சாது, எங்கே நிக்கிறே?" என்று கையால் துழாவினார். கட்டில் சட்டத்தைத் தடவினார், தலையணையைத் தடவினார். நான் கையைக் கொடுத்தேன்.

"இங்கேதான் இருக்கேன் வாப்பா" என்று சொன்னேன். என் குரலில் இல்லை, உன் குரலில். நீ பேசுகிற மாதிரி மெதுவாக.

"ஷம்சாதா?"

"ஆமா வாப்பா. ஷம்சாதுதான்."

கை அடங்கியது. கொஞ்சம் கழித்து, "ராத்தாவுக்குக் காயிதம் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"போட்டுட்டேன் வாப்பா" என்றேன்.

அதற்குமேல் பேசவில்லை. கலிமா சொல்லிக் கொடுத்தேன், உதடு அசைந்தது. மச்சான் டாக்டரோடு வந்தபோது முடிந்துவிட்டது.

கடைசியில் அவர் என்னை நினைத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆனால் அவருக்கு நான் அங்கே இல்லை, எங்கேயோ வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். உனக்குச் சேர வேண்டிய கடைசிச் சொல்லை உன் பேரைச் சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். இதற்காகத்தான் நீ என்னோடு பேசவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, உனக்கு இது தெரிந்திருக்க வழியில்லை என்றாலும்.

நுஸைபா

*

அதிராம்பட்டினம்
டிசம்பர் 18

ராத்தாவுக்கு ஷம்சாத்தின் ஸலாம். உங்கள் சுகத்துக்கும் மச்சான் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. முதுகு பரவாயில்லை. தூக்குவதற்கு இப்போது ஆள் இல்லையே.

நான் உங்கள்மேல் கோபமாக இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். கோபம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்று நீங்கள் ஷமாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் எடுக்காததற்குக் காரணம் நான். பூம்புகாருக்குப் போனதும், "இந்தச் சத்தத்தை அடக்கி வைம்மா. விடியிற வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்றேன். "வேணாம் சாச்சி, உம்மா கூப்பிடுவாங்க" என்று அவள் சொன்னாள். நான்தான் அவள் பேச்சைக் கேட்காமல், "ஒரு நாளைக்கு விடு" என்றேன். பாவம், அந்தப் பிள்ளை இதுவரை உங்களிடம்கூட அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

சுபுஹு தவறிவிட்டது. வயதுக்கு வந்ததிலிருந்து அப்படி நான் தூங்கியதில்லை. கண் விழித்தபோது வெயில் ஜன்னல் வழியாகக் காலில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரையும் புரட்ட வேண்டியதில்லை. அப்படியே படுத்திருந்தேன். எழுந்துபோய்ப் பார்த்தால், கல்லணையில் அந்த ஆட்டம் ஆடிய ஆறு அங்கே நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். மணலில் வளைந்து, சத்தமே இல்லாமல் கடலுக்குள் போகிறது. இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாப்பாவிடம் இதைச் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். ஷமா அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தத்தை அடக்காமல் வைத்திருந்தால் போனிலாவது என் குரல் அவர் காதுக்குப் போயிருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து கேட்டாலும் என் குரல்தானே. மூன்று மாதமாக நான் இதற்குள்ளேயேதான் கிடக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றுதான் முதல்முதலாக அழுதேன். நீங்கள் என் பேரில் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் துழாவிக்கொண்டே போயிருப்பார். அதற்குப் போய் என்னிடம் மன்னிப்பா கேட்கிறீர்கள்? அந்தக் கட்டிலில் யாராவது என் பேரில் இருந்தார்களே என்றுதான் இப்போது கொஞ்சம் தூங்குகிறேன்.

வண்டியை மூடி வைக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். மழை விட்டதும் எடுக்கட்டும். போகிற வழியில் இங்கே வந்து என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நம் இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடக்கிற பேச்சு நிறைய இருக்கிறது, அது கடிதத்தில் ஆகாது.

சுபுஹு தவறியதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துவிட்டேன் ராத்தா. போனை அடக்கச் சொன்னதற்கு இன்னும் அழுதுகொண்டிருக்கிறேன், சாகிற வரைக்கும் அழுவேன். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

வஸ்ஸலாம்.

தங்கை ஷம்சாத்